முற்றத்து வாங்கின் கால்

(கிராம அபிவிருத்திச் சங்கங்கள், பாடசாலைகள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்குக் கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதிரையையும் வாங்கையும் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான நினைப்புத்தான். ஆனால் வன்னியில் எங்களுடைய சீவியத்தில் பாதிக்குமேல் முற்றத்திலே போகிறது. விருந்தாளி வந்தால் வேம்புக்குக் கீழே கதிரை போடுகிறோம். வயலால் வந்தவர் குளித்துவிட்டு வெளியில்தான் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். கல்யாண வீடு, செத்தவீடு, சங்கக் கூட்டம், பொங்கல், படிப்புக்கு வந்த பிள்ளையைக் கூட்டிப்போகக் காத்திருக்கும் தாய், எல்லாம் வெளியில். அப்படியிருக்க, வீட்டுக்குள் வைக்கும் அலுமாரிக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நாங்கள், முற்றத்து வாங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு பாடசாலை மரங்களின் கீழும், ஆஸ்பத்திரி வாசலிலும், கோயில் வீதியிலும் எத்தனையோ வாங்குகள் வந்தன. போய்ப் பாருங்கள். தந்தவரின் பெயர் எழுதிய பலகை அப்படியே பளிச்சென்று இருக்கும். வாங்கு ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். ஏன் சரிந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தால், மேற்பலகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உக்கிப்போனது கால். நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கறுத்து, நகத்தால் சுரண்டினால் தூளாகக் கொட்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான்: வெளித் தளபாடம் காலில் சாகிறது, அடுத்ததாகப் பொருத்தில் சாகிறது. நாங்களோ மேற்பலகையின் மினுக்கத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறோம்.

எங்கள் காலநிலையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். வன்னியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 முதல் 1400 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகக் காற்றும் வெயிலும். இப்படி மாறி மாறி வருவதுதான் மரத்துக்குப் பெரிய சோதனை. எப்போதும் நனைந்திருக்கும் மரத்துக்கு ஒரு வகைக் கேடு, எப்போதும் காய்ந்திருக்கும் மரத்துக்கு அனேகமாகக் கேடே இல்லை. ஆறு மாதம் காய்ந்து வெடித்த மரத்தின் வெடிப்புக்குள் அடுத்த மூன்று மாதம் தண்ணீர் நின்றால் உக்கல் உள்ளே போய்க் குடியேறும். மழை விட்டதும் கறையான் மேலே வரும். எங்கள் செம்மண்ணில் புற்று இல்லாத வளவு உண்டா? ஈரமும் மென்மையும் உள்ள மரத்தைக் கறையான் தேடிப் பிடித்துவிடும். 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்ற தளபாடங்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலர் கண்ணால் கண்டவர்கள்.

இனி மரத்துக்கு வருவோம். வன்னிக் காட்டில் உலகம் பொறாமைப்படக்கூடிய மரங்கள் நிற்கின்றன. பாலை மரக்கட்டையைக் குளத்தில் போட்டால் மிதக்காது, தாழ்ந்துவிடும். அவ்வளவு அடர்த்தி. முதிரை அதற்கு அடுத்தபடி. தேக்கின் ஒரு கன மீற்றர் 650 கிலோ அளவில் நிறுக்கும். முதிரை 950 கிலோவை எட்டும். முதிரை வெளியில் எப்படி நின்று பிடிக்கும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று இருந்தது. பேராதனையில் மகாவலிக்கு மேலே 1833ஆம் ஆண்டில் முழுக்க முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள். 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவு, ஆணியும் போல்ற்றும் இல்லாமல் மரத்தை மரத்தில் பொருத்திய வேலை. மலைநாட்டு மழையில், கீழே ஆற்றின் ஈரத்தில், வண்டிப் பாரத்தைச் சுமந்துகொண்டு 1905ஆம் ஆண்டுவரை அது நின்றது. எழுபது ஆண்டுக்கு மேல்! எங்கள் வளவில் போடும் வாங்குக்கு அதில் பாதி ஆயுள் கிடைத்தாலே பெரிய விசயம்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே முதிரைக்கும் பாலைக்கும் ஆள் அனுப்பிவிடாதீர்கள். கருங்காலியும் முதிரையும் அருகிவரும் மரங்கள். காட்டில் தறிப்பதும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றிப்போவதும் குற்றம். ஏ-9 வீதியில் இரவில் மரம் கடத்திப் பிடிபடும் செய்தி எங்களுக்குப் புதிதல்ல. மரக்காலையில் மலிவாக முதிரை வாங்கு ஒன்று கண்ணில் பட்டால், மரம் எங்கிருந்து வந்தது, பத்திரம் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள். பாலையைப் பற்றி எனக்குத் தனிப்பட ஒரு பிடிவாதமும் உண்டு. வெயில் காலத்தில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போன பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாங்கள். கரடியும் குரங்கும் பறவையும் அந்தப் பழத்தை நம்பிக் காட்டில் சீவிக்கின்றன. இரண்டு தலைமுறைக்குப் பழம் தரும் மரத்தைத் தறித்து, நாலு பேர் குந்தியிருக்க வாங்கு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வீடு இடிக்கும்போது கழற்றிய பாலை நிலையோ முதிரை யன்னலோ கிடைத்தால், அது வேறு கதை. அதை விடாதீர்கள்.

சட்டப்படி, சங்கடமில்லாமல் எங்களுக்குக் கிடைக்கக்கூடியது தேக்கு. அரச மரக் கூட்டுத்தாபனத்திலும் வாங்கலாம், தனியார் வளவில் நின்றதையும் அனுமதி எடுத்துத் தறிக்கலாம். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. கறையானும் காளானும் அதை விரும்புவதில்லை. நனைந்து காய்ந்தாலும் அதிகம் முறுகாது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல் உண்டு. 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்கினால் கட்டி இறக்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் மிதக்கிறது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களை உடைத்த லண்டன் வியாபாரிகள் கழித்த தேக்கைக் கொண்டு தோட்ட வாங்கு செய்து, எந்தக் கப்பலின் மரம் என்று ஒரு சிறு தகடும் அடித்து விற்றார்கள். கடலில் ஒரு சீவியம் முடித்த மரம், தோட்டத்தில் இன்னொரு சீவியத்துக்குப் போனது.

ஆனால் தேக்கு என்ற பெயரைக் கேட்டவுடன் மயங்கிவிடக் கூடாது. நான் சொன்ன குணமெல்லாம் வைரத்துக்கு மட்டும்தான். பட்டைக்குக் கிட்டவுள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. அதைக் கறையான் மற்ற மரத்தைத் தின்பதுபோலவே தின்னும். இளந்தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் கொஞ்சம். கெட்டித்தனமான வியாபாரி என்ன செய்வான்? வெள்ளையும் வைரமும் கலந்து செய்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நிறத்தில் கறுப்புச் சிவப்பு வார்ணிஷை இழுத்துவிடுவான். ஆகையால் பூச்சுப் பூசுவதற்கு முன்னமே பாருங்கள். முடிந்தால் மரத்தை நீங்கள் தெரிந்து கொடுத்துத் தச்சரிடம் செய்விப்பது நல்லது. செய்த வாங்கை வாங்குவதென்றால் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடியில் யாரும் வார்ணிஷ் பூசமாட்டார்கள். பொன்னிறமும் மண்ணிறமும் கலந்தது வைரம். வெளிறிய மஞ்சள் கீற்று ஓடினால் அது வெள்ளை. சாய்மனையில் ஒரு கீற்று இருந்தால் மன்னிக்கலாம். காலில் இருந்தால் வேண்டாம்.

எங்கள் பகுதியில் மரம் அரிவோருக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பழைய மரங்களின் உடலுக்குள் போர்க் காலத்துச் செல் துண்டுகள் கிடக்கின்றன. வாளின் பல் போவது ஒரு பக்கம். அந்த இரும்பைச் சுற்றி மரம் கறுத்து நீலம் பாரித்திருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. அந்தத் துண்டைப் பலகையிலிருந்து வெட்டிக் கழித்துவிடுவதுதான் புத்தி. சாதாரண இரும்பாணி அடித்த வாங்கிலும் இரண்டாவது மழைக்கு ஆணியைச் சுற்றி இதே கறுப்பு வளையம் வரும். பிறகு ஆணி துருவேறிப் பருத்து மரத்தை உள்ளிருந்தே பிளக்கும். வெளி வேலைக்கு இரும்பாணி வேண்டாம் என்று தச்சரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஸ்ரெயின்லெஸ் போல்ற்றோ பித்தளைத் திருகாணியோ கேளுங்கள். ஒரு வாங்குக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி, எங்கள் மரம் என்று நாங்கள் உரிமையோடு சொல்லக்கூடிய பனை. போர்க் காலத்தில் பங்கருக்காக எத்தனை பனை விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். மண்ணுக்கு அடியில் ஈரத்தோடு கிடந்தும் முதிர்ந்த பனங்குற்றி எப்படி நின்று பிடித்தது என்பதும் தெரியும். பனைக்கு வைரம் மற்ற மரங்களைப்போல நடுவில் இல்லை, வெளிப்புறத்தில் இருக்கிறது. கறுத்த நார் நெருக்கமாக ஓடும் வெளிவட்டம்தான் பெறுமதி. நடுவிலுள்ள சோற்றி வெளி வேலைக்கு உதவாது. அடிமரத்தில் வைரம் தடிப்பாக இருக்கும், மேலே போகப் போக மெலியும். முதிர்ந்த பனையின் அடியிலிருந்து எடுத்த சிலாகை நாலைந்தை இரண்டு கல்லின்மேல் பரப்பி, இடையில் விரல் நுழையாத சிறு இடைவெளி விட்டுப் பொருத்தினால் அதைப்போல ஒரு வாங்கு கடையில் இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஆணியை நேரே அடித்தால் பனை பிளக்கும். துளைத்துவிட்டுப் போல்ற் போட வேண்டும். விளிம்பை நன்றாக இழைத்து உருட்டாவிட்டால் நார் பிரிந்து சிலாம்பு ஏறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டைக் காற்சட்டையோடு இருக்கும் வாங்கு என்பதை மறக்கக் கூடாது.

பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1951 முதல் இருக்கிறது. பட்டுப்போன பனையையும் காற்றில் விழுந்ததையும் தேடுவதே நல்லது. ஒன்று தறித்தால் பத்து விதை நடுங்கள்.

வேம்பைப் பற்றிக் கேட்பீர்கள். கறையான் கிட்ட வராது என்பது ஓரளவு உண்மை. ஆனால் வெடிக்கும். விறாந்தைக்கு நல்லது, திறந்த வெளிக்கு இரண்டாம் தரம். தென்னை வேண்டாம். மூங்கிலும் பிரம்பும் உள்ளுக்குள் வைக்கும் பொருள். பழைய ரெயில் பாதையின் சிலிப்பர் கட்டைகள் சில வளவுகளில் இன்னும் கிடக்கின்றன. உறுதியான மரம்தான். ஆனால் உக்காமல் இருக்க அவற்றுக்குத் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் அது கசியும், தோலுக்குக் கூடாது. வேலிக்கு வையுங்கள், இருக்கைக்கு வேண்டாம். கழிவு எண்ணெய் பூசிய மரத்துக்கும் இதே தீர்ப்பு.

காலுக்குத் திரும்பி வருகிறேன். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. காலின் அடிமுனையை அறுத்த இடத்தில் ஒவ்வொரு நாரின் வாயும் திறந்திருக்கிறது. அந்த முனை ஈர மண்ணில் நின்றால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மரம் தண்ணீரை இழுக்கும். எவ்வளவு நல்ல மரமானாலும் இழுக்கும். எங்கள் முன்னோருக்கு இது தெரியாததா? நாற்சார் வீட்டின் மரத்தூண் மண்ணில் நின்றதில்லை. கல்லின்மேல் நின்றது. தூணுக்குச் செய்ததை வாங்குக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு காலுக்குக் கீழும் ஒரு தட்டைக் கல்லோ சீமெந்துக் கட்டியோ வைத்து, நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். கால்முனையை வைப்பதற்கு முன் சூடான மெழுகிலோ நல்ல பூச்சிலோ தோய்த்து எடுங்கள். களவு போகும் என்ற பயத்தில் காலைக் கொங்கிரீட்டுக்குள் புதைக்கிறார்கள். அதைவிடக் கெட்ட வேலை இல்லை. கொங்கிரீட்டுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை விலகும், தண்ணீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. கட்டாயம் பூட்டித்தான் ஆகவேண்டுமென்றால், கொங்கிரீட்டில் ஒரு இரும்புத் தகட்டைப் பதித்து, அதில் காலை நிலத்துக்கு மேலே போல்ற் போட்டுப் பூட்டுங்கள்.

மேற்பலகையிலும் இதே கணக்குத்தான். ஒரே அகலப் பலகை அழகாக இருக்கும், மழைநீர் அதில் தேங்கும். ஒடுங்கிய சட்டங்களாகப் போட்டு, இடையில் ஏழெட்டு மில்லிமீற்றர் வெளி விட்டால் நீர் விழுந்துபோகும், காற்றும் கீழிருந்து வரும். பின்பக்கம் சற்றுச் சரிவு இருக்கட்டும். பச்சை மரத்தில் செய்யவே கூடாது. ஓர் அங்குலப் பலகை நிழலில் ஓர் ஆண்டு காயவேண்டும் என்பது பழைய கணக்கு. இன்று தறித்து வைகாசியில் வாங்கு செய்தால் ஆவணிக்குள் பொருத்தெல்லாம் ஆடும்.

இரும்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது வெல்டிங் கடைகளில் பொக்ஸ் பார் வாங்குகள் அதிகம். கல்வனைஸ் என்பார்கள். நாகப்பூச்சு இரும்பைக் காப்பது உண்மை. ஆனால் ஒட்டிய இடத்தில் வெப்பத்தால் அந்தப் பூச்சு எரிந்துபோகிறது. துரு அங்கேதான் தொடங்கும். ஒட்டுக்கு மேலே நாகப் பெயின்ற் பூசினீர்களா என்று கேளுங்கள். குழாயின் கால்முனையில் பிளாஸ்ரிக் மூடி போட்டிருந்தால் அடியில் ஒரு சிறு துளை வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய தண்ணீர் அங்கேயே நின்று, வெளியில் பெயின்ற் மின்னிக்கொண்டிருக்கக் காலை உள்ளிருந்து தின்றுவிடும். வவுனியாவில் பத்து ஆண்டு இருக்கும் இரும்பு முல்லைத்தீவுக் கடற்கரையில் அதில் பாதிகூட இருக்காது. கொக்கிளாய், அலம்பில் பக்கத்தவர்கள் இரும்பை மறந்துவிடுங்கள். அலுமினியமோ 316 இலக்க ஸ்ரெயின்லெஸோ கட்டுப்படியாகாவிட்டால், மரமும் கல்லும்தான் உங்களுக்கு.

பிளாஸ்ரிக் கதிரையைப் பழிக்க நான் வரவில்லை. 1972இல் பிரான்சில் ஒரே வார்ப்பில் செய்த அந்தக் கதிரை உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று அச்சிலிருந்து விழும். 2009க்குப் பிறகு வெறும் நிலத்துக்குத் திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் இருக்கை அதுதான். அதன் எதிரி மழையல்ல, வெயில். வெயில் பட்டுப் பட்டு அதன் பிடிப்பு முறிந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? அது முடிந்த கதிரை. செத்தவீடுகளில் பாரமான ஐயா ஒருவர் வந்தால் இரண்டு கதிரையை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொடுப்போமே, அது இந்த அனுபவத்தில் வந்த புத்தி. வாங்குவதானால் சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த பாரமான வெள்ளையை விட்டுவிட்டுக் கறுப்பையோ கடும் நிறத்தையோ பாருங்கள். கரி கலந்த கறுப்பு வெயிலை அதிக காலம் தாங்கும். கூட்டம் முடிந்ததும் அடுக்கி நிழலில் வையுங்கள். மரத்துக்குக் கீழே நிரந்தரமாகப் போடும் பொருளல்ல அது. உடைந்தால் திருத்தவும் முடியாது.

கடைசியாக, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தும் நாங்கள் நினைக்காதது கல். தெருவோரத்தில் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் நட்டவர்கள் எதைத் தெரிந்தெடுத்தார்கள்? யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல், எங்களுக்கு வவுனியாப் பக்கத்தில் கருங்கல். புவியியலாளர்கள் இலங்கையின் பழம்பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டைக் கல்லின்மேல் ஒரு பலகைக் கல். வார்ணிஷ் இல்லை, கறையான் இல்லை, களவும் இல்லை. நிழலில் மட்டும் போடுங்கள், மத்தியான வெயிலில் காய்ந்த கல்லில் யாராலும் இருக்க முடியாது. சீமெந்து வாங்குக்கும் அதே குறை. கூடவே ஒன்று: கடற்கரை மணலில் கொங்கிரீட் போட்டால் உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, ஐந்தாறு ஆண்டில் மூலை வெடித்து விழும். ஆற்று மணல் போடுங்கள், கம்பிக்கு மேலே ஒன்றரை அங்குலமாவது சாந்து இருக்கட்டும்.

பூச்சைப் பற்றிப் பலரும் கேட்பதால் சொல்கிறேன். மினுங்கும் வார்ணிஷ் எங்கள் வெயிலில் ஓரிரு ஆண்டில் உரிந்துபோகும். உரிந்த இடத்தால் நீர் இறங்கி, உரியாத இடத்தின் கீழ் சிறைப்படும். நல்ல தேக்குக்குப் பூச்சே தேவையில்லை. சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். வெறும் மரத்தின் மேற்பரப்பை வெயிலும் மழையும் நூறு ஆண்டில் அரிப்பது சில மில்லிமீற்றர் மட்டுமே. நிறம் வேண்டுமென்றால் மரத்துக்குள் ஊறும் எண்ணெயைப் புரட்டாதியில், மழைக்கு முன்னால், ஒரு தரம் தேய்த்துவிடுங்கள். அதோடு போல்ற்றுகளை இறுக்கி, கால் நிற்கும் கல்லைச் சுற்றி ஏறிய மண்ணையும் குப்பையையும் விலக்கிவிட்டால் ஆண்டு வேலை முடிந்தது.

இங்கே இருப்பவர்களில் பலர் சங்கத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பொருள் வாங்கக் கையெழுத்திடுபவர்கள். அடுத்த முறை வாங்குக்கு நிதி வரும்போது விலைமனுவில் மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: கால் எதன்மேல் நிற்கும், மழைநீர் எந்த வழியால் போகும், உடைந்தால் எங்கள் ஊர்த் தச்சரால் ஒரு துண்டைக் கழற்றி மாற்ற முடியுமா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தந்தவரின் பெயர்ப் பலகைக்கு ஒதுக்கும் காசில் பாதியை ஸ்ரெயின்லெஸ் போல்ற்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.